பழைய டிக்ரிக் கட்டு: ஜூனியர்களுக்குச் சில வார்த்தைகள்

இந்த வருடம் புதிதாகக் கறுப்புக் கோட்டு மாட்டியவர்களில் சிலர் ஒரே கேள்வியோடு என்னிடம் வந்தார்கள். சீனியர் ஒரு பழைய கட்டைக் கையில் கொடுத்து, "புரோநோட்டு டிக்ரி, பணம் வரலை, பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டாராம். எங்கே தொடங்குவது?

சட்டக் கல்லூரியில் ஆர்டர் 21-ஐக் கடைசி வாரத்தில் ஓட்டமாக ஓட்டி முடித்துவிடுகிறார்கள். சிவில் நடைமுறைச் சட்டத்திலேயே நீளமான ஆர்டர் அதுதான், 106 விதிகள். இந்தியாவில் வழக்காடுகிறவனுக்குக் கஷ்டம் டிக்ரி வாங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1872-லேயே சொல்லிவிட்டது. 2025-இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் எல்லா ஹைகோர்ட்டுகளிடமும் கணக்குக் கேட்டது. நாடு முழுக்க எட்டு லட்சத்துக்கு மேல் ஈ.பி. (நிறைவேற்று மனு) நிலுவை என்று பதில் வந்தது. ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது உத்தரவு. உத்தரவு அதன் பாட்டுக்கு இருக்கிறது.

பணம் கேட்கிறவர் பக்கமும் பணம் கட்ட வேண்டியவர் பக்கமும் நீங்கள் நிற்க வேண்டி வரும். இரண்டு பக்கத்துக்குமே இது வாதத் திறமையைக் கேட்கிற வேலை இல்லை. தேடவும், கணக்குப் போடவும், காகிதத்தைக் காப்பாற்றவும் தெரிந்தால் போதும்.

1. கதை கேட்பதற்கு முன் தேதியைக் கேளுங்கள். பணம் கொடுத்தவர் வந்தால் பத்து வருடத்து மனக்குறையைக் கொட்டுவார். வாங்கியவர் வந்தால் வட்டிக் கொடுமையைச் சொல்லுவார். இரண்டையும் பிறகு கேட்கலாம். டிக்ரி என்றைக்கு ஆனது? அப்பீல் உண்டா? அப்பீலில் என்றைக்குத் தீர்ப்பு? தடை உத்தரவு இருந்ததா, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை? லிமிடேஷன் சட்ட அட்டவணையின் 136-ஆவது ஆர்ட்டிகிள்படி, டிக்ரி நிறைவேற்றத்தக்கதான நாளிலிருந்து 12 வருடத்துக்குள் ஈ.பி. போட்டாக வேண்டும். அப்பீல் தீர்ப்பு வந்திருந்தால் அதன் தேதியிலிருந்து எண்ண வேண்டும். தவணை டிக்ரி என்றால் ஒவ்வொரு தவணைக்கும் அது தவறிய நாளிலிருந்து தனித்தனியாக ஓடும். தடை இருந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். தடையில்லாத வெறும் அப்பீல் எதையும் நிறுத்தாது.

இந்த 12 வருடத்தைப் பற்றிப் பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "நடுவில் பத்தாயிரம் கொடுத்தாரே, அதிலிருந்து புதுக் கணக்குத்தானே" என்பார்கள். கிடையாது. கடனுக்குத்தான் அந்தச் சலுகை. டிக்ரித் தொகை அந்தக் 'கடன்' என்ற சொல்லில் அடங்காது என்று 19-ஆவது பிரிவின் விளக்கமே சொல்கிறது. "தர வேண்டியது உண்மைதான்" என்று கடிதம் எழுதிக் கொடுத்திருந்தாலும் 18-ஆவது பிரிவின் விளக்கம் அதே கதவைச் சாத்திவிடுகிறது. தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் 5-ஆவது பிரிவும் ஆர்டர் 21 மனுக்களுக்கு வராது. கடைசி நாள் கோர்ட் விடுமுறை என்றால் திறக்கும் நாளில் போடலாம். கிடைக்கிற சலுகை அவ்வளவுதான்.

இன்னொரு குழி. சொத்து வேறு ஊர் கோர்ட்டின் எல்லையில் இருந்தால் டிக்ரியை அங்கே மாற்றி அனுப்பக் கேட்க வேண்டும். 2002 திருத்தத்துக்குப் பிறகு டிக்ரி கொடுத்த கோர்ட் தன் எல்லைக்கு வெளியே கை நீட்ட முடியாது. ஆனால் மாற்றி அனுப்பக் கேட்கும் மனு ஈ.பி. ஆகாது. பதினோராம் வருடம் அந்த மனுவைப் போட்டுவிட்டு, ஆகிவிட்டது என்று உட்கார்ந்திருந்தால், டிக்ரி அங்கே போய்ச் சேர்வதற்குள் 12 முடிந்துவிடும்.

2. கட்சிக்காரர் கொண்டுவரும் ஜெராக்ஸை நம்ப வேண்டாம். சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். அதற்கு முன்னால் ஈ-கோர்ட்ஸ் தளத்தில் கட்சிக்காரர் பெயரைப் போட்டுத் தேடினால் பாதி விவரம் வந்துவிடும். பழைய வழக்கு அதில் ஏறவில்லை என்றால் நேராகப் போய் சூட் ரிஜிஸ்டரைப் புரட்ட வேண்டியதுதான். முக்கியமாகத் தேட வேண்டியது முந்தைய ஈ.பி.க்களை. ஒரே டிக்ரிக்கு மூன்று வக்கீல் மாறி மூன்று ஈ.பி. போயிருக்கும், ஒன்றில் கைது கேட்டிருப்பார்கள், ஒன்றில் சொத்து ஜப்தி, ஒன்று பேட்டா கட்டாமல் தள்ளுபடியாகியிருக்கும். சில கட்டுகளில் ஒன்று 'புள்ளிவிவரத்துக்காக முடிக்கப்பட்டது' என்று கிடக்கும். இந்தக் கடைசி வகை இருக்கிறதே, அது பொக்கிஷம். மனுவின் மேல் தீர்ப்பு இல்லாமல் எண்ணிக்கைக்காக மூடியதைத் திரும்ப உயிர்ப்பிக்கக் கேட்கலாம். அது பழைய ஈ.பி.யின் தொடர்ச்சி. 12 வருடம் தாண்டிய பல டிக்ரிகள் அந்த ஒரு வரியால் பிழைத்திருக்கின்றன. மூடிய உத்தரவின் வாசகத்தை அட்சரம் பிசகாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

ஈ.பி.யின் முதல் பக்கத்தில் 11(2) விதிப்படி பத்துக் கட்டம் இருக்கும். ஐந்தாவது கட்டம்: டிக்ரிக்குப் பிறகு ஏதாவது பணம் வந்ததா? ஆறாவது: முன்பு ஈ.பி. போட்டது உண்டா, அதன் முடிவு என்ன? பாதி வக்கீல்கள் இரண்டிலும் 'இல்லை' என்று குமாஸ்தாவை எழுதச் சொல்லிவிடுவார்கள். எதிர்க்கட்சி பக்கம் நீங்கள் நிற்கும்போது முதலில் படிக்க வேண்டியது இந்த இரண்டு 'இல்லை'களைத்தான்.

3. டிக்ரி ஆகி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால், ஈ.பி. எடுத்தவுடன் விதி 22 நோட்டீஸ் போக வேண்டும். இறந்துபோனவரின் வாரிசுகள் மேல் போட்டாலும் அப்படியே. முந்தைய ஈ.பி.யில் கடைசி உத்தரவாகி இரண்டு வருடத்துக்குள் என்றால் தேவையில்லை. அந்த நோட்டீஸ் சரியாகச் சார்வு ஆகாமல் ஏலம் வரை போன வழக்குகள் அங்கேயே கவிழ்ந்திருக்கின்றன.

4. கணக்கை நீங்களே போடுங்கள். குமாஸ்தாவிடம் விடாதீர்கள், கட்சிக்காரரிடம் விடவே விடாதீர்கள். டிக்ரியில் வட்டி எப்படிச் சொல்லியிருக்கிறது என்று வரி வரியாகப் படியுங்கள்: வழக்குப் போட்ட நாள் வரை ஒரு விகிதம், அதிலிருந்து டிக்ரி நாள் வரை ஒரு விகிதம், அதற்குப் பிறகு ஒரு விகிதம். டிக்ரிக்குப் பிறகான வட்டி சிவில் நடைமுறைச் சட்டம் 34-ஆவது பிரிவுப்படி பெரும்பாலும் வருடத்துக்கு 6 சதவீதம். வியாபாரக் கடன் என்றால் கூடலாம். அசலுக்கு மட்டும்தான், தனி வட்டி. வட்டிக்கு வட்டி போட்டு நிரப்பிக் கொண்டுவரும் பைனான்ஸ்காரர்களின் காகிதத்தைத் தூரத் தள்ளிவையுங்கள்.

ஒரு கணக்கு. அசல் 1,00,000, செலவுத்தொகை 9,500, வட்டி 6 சதவீதம். ஐந்து வருடம் கழித்துக் கடன்காரர் 40,000 கொடுக்கிறார். அசல் 60,000-ஆக இறங்கிவிட்டது என்றுதான் அவர் நினைப்பார். ஆனால் இன்னதற்கென்று தனியாகச் சொல்லாமல் கொடுத்த பணம் முதலில் வட்டிக்கு, பிறகு செலவுக்கு, கடைசியில்தான் அசலுக்குப் போகும். ஐந்து வருட வட்டி 30,000, செலவு 9,500, சேர்த்தால் 39,500. அசலில் கழிந்தது வெறும் 500 ரூபாய். மீதி 99,500-க்கு இன்னும் ஆறு வருடம் வட்டி ஓடினால் 35,820. ஆக 1,35,320 பாக்கி. கடன்காரர் நினைத்த மாதிரி கணக்குப் போட்டால் 1,21,100. வித்தியாசம் 14,220 ரூபாய். இதற்காக மூன்று வாய்தா சண்டை போட்ட வக்கீல்களை எனக்குத் தெரியும். இரண்டு பேரில் ஒருவர் முன்கூட்டியே பென்சில் எடுத்திருந்தால் அந்த மூன்று வாய்தாவும் மிச்சம்.

கடன்காரர் பக்கம் நிற்கிறீர்கள், கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது என்றால் கோர்ட்டில் கட்டி எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கொடுத்துவிடுங்கள். கட்டிய தொகைக்கு, அந்த நோட்டீஸ் சார்வு ஆன நாளோடு வட்டி நின்றுவிடும்.

5. ஆளைத் தேடுவதில் காலத்தைக் கழிக்காமல் சொத்தைத் தேடுங்கள். பணம் கொடுத்தவர்களுக்குக் கடன்காரரைக் கோர்ட்டில் நிற்கவைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருக்கும். அதனால் ஒரு பைசா வராது. வில்லங்கச் சான்று போடுங்கள், டிக்ரிக்கு ஐந்து வருடம் முன்னாலிருந்து. பட்டா, சிட்டா, சொத்துவரி ரசீது பாருங்கள். வேலை எங்கே என்று கேளுங்கள். எதுவும் தெரியவில்லை என்றால் விதி 41 இருக்கிறதே: கடன்காரரைக் கூப்பிட்டு என்னென்ன சொத்து உண்டு என்று பிரமாணத்தில் சொல்லவைக்கலாம், அபிடவிட் தாக்கல் செய்யச் சொல்லலாம். அந்த உத்தரவுக்குக் கீழ்ப்படியாவிட்டால் மூன்று மாதம் வரை சிவில் சிறை. இவ்வளவு பலமான விதியை நம் ஊர் கோர்ட்டுகளில் யாரும் சீண்டுவதில்லை. எல்லாரும் நேராகக் கைது மனுவுக்குத்தான் போகிறார்கள்.

வில்லங்கச் சான்றில் அடிக்கடி பார்ப்பீர்கள்: வழக்கு நோட்டீஸ் வந்த மாதமே வீட்டை மனைவி பெயருக்கு செட்டில்மென்ட் எழுதியிருப்பார். அதைக் கண்டு சோர்ந்துவிட வேண்டாம். கடன் கொடுத்தவர்களை ஏய்க்க எழுதிய பத்திரம் என்றால் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 53-ஆவது பிரிவு கை கொடுக்கும். ஜப்தி ஆன பிறகு விற்றிருந்தால் இன்னும் சுலபம். சிவில் நடைமுறைச் சட்டம் 64-ஆவது பிரிவின்படி அந்த விற்பனை ஜப்திக்கு எதிராகச் செல்லாது. அதேசமயம் எல்லா செட்டில்மென்ட்டும் ஏமாற்று இல்லை. மனைவியின் நகையை விற்று வாங்கிய வீடு அவர் பெயருக்குத் திரும்பியதும் உண்டு. அப்படிப்பட்டவர் விதி 58-இல் கிளெய்ம் மனுவோடு வருவார். அவருக்காகவும் ஒருநாள் நீங்கள் ஆஜராக வேண்டியிருக்கும்.

6. கை வைக்கக் கூடாதவற்றை மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருங்கள். 60-ஆவது பிரிவை நான் இன்னும் வருடத்துக்கு ஒருமுறையாவது எடுத்துப் படிக்கிறேன். உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை. நம் பக்கத்தில் தாலி. தொழிலாளியின் கருவிகள், உழவனின் மாடு, விதைநெல். விவசாயியும் கூலி வேலை செய்கிறவரும் குடியிருக்கும் சொந்த வீடு. கூலி. பென்ஷன், கிராச்சுட்டி. பி.எஃப். கடன்காரரின் ஆயுள் காப்பீட்டுப் பணம். ஓய்வுபெற்றவர் அந்தப் பணத்தை பாங்கில் டெபாசிட்டாகப் போட்டுவிட்டால் பாதுகாப்பு போய்விடும் என்று வாதாடுவார்கள். போகாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. "என் வீட்டை ஜப்தி செய்தால் ஆட்சேபிக்க மாட்டேன்" என்று முன்கூட்டியே எழுதி வாங்கிய ஒப்பந்தமும் செல்லாது.

சம்பள ஜப்தி தனிக் கணக்கு. விலக்கு உள்ள படிகளைத் தள்ளிவிட்டு, முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் விட்டுவிட வேண்டும். 31,000 என்றால் 1,000 போக 30,000. அதில் 10,000-தான் மாதாமாதம் பிடிக்கலாம். அதுவும் ஒரே டிக்ரிக்கு மொத்தம் 24 மாதம்தான். அதற்குமேல் அந்த டிக்ரிக்காக அந்தச் சம்பளத்தைத் தொட முடியாது. இதை அறியாமல் முப்பது, நாற்பது மாதம் பிடித்துக்கொண்டே போகும் அலுவலகங்கள் உண்டு. ஊழியரிடம் முதல் சம்பளச் சீட்டிலிருந்து கேட்டு வாங்கி மாதங்களை எண்ணுங்கள்.

7. கைது மனுவைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள். பெண்களை பண டிக்ரிக்காகக் கைது செய்ய முடியாது. 56-ஆவது பிரிவில் விதிவிலக்கே இல்லை. ஆண் என்றாலும், பணம் இருந்தும் கொடுக்க மறுக்கிறார் என்று காட்ட வேண்டும். 1980-இல் பாங்க் ஆஃப் கொச்சின் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதைத் தெளிவாக எழுதினார்: கையில் ஒன்றுமில்லாதவனை ஏழையாக இருக்கிறான் என்பதற்காகச் சிறையில் தள்ளக் கூடாது, கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்று. அந்தத் தீர்ப்பை முழுதாகப் படியுங்கள், தலைக்குறிப்போடு நிறுத்திவிடாதீர்கள்.

டிக்ரித் தொகை 2,000 ரூபாய்க்குள் என்றால் சிறையே கிடையாது. 5,000 வரை ஆறு வாரம். அதற்கு மேல் மூன்று மாதம். கட்சிக்காரரிடம் இரண்டு விஷயத்தை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே இருக்கும் வரை கடன்காரரின் சாப்பாட்டுச் செலவை இவர்தான் கட்ட வேண்டும். வெளியே வந்தாலும் கடன் அப்படியே இருக்கும். ஆனால் அதே டிக்ரிக்காக மறுபடி உள்ளே போட முடியாது. இதைக் கேட்டதும் முக்கால்வாசிப் பேர் கைது வேண்டாம் என்பார்கள்.

அமீனா பொழுது சாய்ந்த பிறகு வீட்டுக்குள் நுழையக் கூடாது, விடிவதற்கு முன்னும் கூடாது. டிக்ரித் தொகையையும் கைதுச் செலவையும் அந்த இடத்திலேயே கொடுத்துவிட்டால் அங்கேயே விட்டுவிட வேண்டும். கடன்காரரின் வீட்டுப் பெண்கள் இரவு பத்து மணிக்குப் போன் செய்து பதறும்போது, பதில் சொல்ல இது உங்களுக்கு நாக்கு நுனியில் இருக்க வேண்டும்.

8. கோர்ட்டுக்கு வெளியே கொடுத்த பணம். இந்தக் கட்டுகளில் நான் பார்த்த துயரங்களில் அதிகம் இங்கேதான். ஊர்ப் பெரியவர் முன்னிலையில் பேசி முடிப்பார்கள். புரோநோட்டு டிக்ரிக்கு ஒன்றே கால் லட்சம், மூன்று தவணை, கோயில் மண்டபத்தில் எண்ணிக் கொடுப்பார்கள். பணம் வாங்கியவர் ஒரு பள்ளிக்கூட நோட்டுத் தாளில் "கணக்கு நேர்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். சில சமயம் அதுவும் கிடையாது, கை குலுக்கலோடு சரி. கோர்ட்டுக்கு யாரும் சொல்லமாட்டார்கள். டிக்ரி அங்கே முழு உயிரோடு இருக்கும். எட்டு வருடம் கழித்துப் பணம் வாங்கியவர் இறந்துபோவார், பீரோவில் டிக்ரி நகலைப் பார்த்த மகன் ஈ.பி. போடுவார். மகன் மேல் குற்றமில்லை. அவருக்குத் தெரியாது.

விதி 2 சொல்வது கறார்: கோர்ட்டில் பதியாத பட்டுவாடாவை நிறைவேற்றும் கோர்ட் கணக்கில் எடுக்காது. கடன்காரர் பதியச் சொல்லிக் கேட்க வேண்டுமானால் பணம் கொடுத்த நாளிலிருந்து 30 நாள்தான். பாங்க் மூலமோ மணியார்டரிலோ போயிருக்க வேண்டும், அல்லது எழுத்துச் சான்று இருக்க வேண்டும், அல்லது வாங்கியவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே ராஜி பேசி முடிந்த அன்றே இரண்டு தரப்பும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட மெமோவைத் தாக்கல் செய்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை பேசி முடித்தால் திங்கட்கிழமை கோர்ட்டில். பணம் கொடுப்பவர் பக்கம் நின்றால், மெமோ பதிவாகும் வரை கடைசித் தவணையைக் கையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

9. கெடு தாண்டிச் செத்துப்போன டிக்ரிக்காகப் புது நோட்டு எழுதிக் கேட்பார்கள். கடன்காரர் உங்கள் கட்சிக்காரர் என்றால் எழுத விடாதீர்கள். காலாவதியான கடனைக் கொடுக்கிறேன் என்று எழுத்தில் தரும் வாக்குறுதி செல்லும் என்று ஒப்பந்தச் சட்டம் 25(3) சொல்கிறது. மனசாட்சிக்காகக் கொடுக்க விரும்பினால் பணமாகக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கட்டும். அது அவர் இஷ்டம், யாரும் தடுக்க வேண்டாம்.

10. "எனக்குக் கேஸ் போட்டதே தெரியாது சார்" என்று ஒருவர் ஈ.பி. நோட்டீஸோடு வருவார். சிலர் பொய் சொல்கிறார்கள், சிலர் சொல்வது உண்மை. சம்மன் எப்படிச் சார்வு ஆனது என்று மூலக் கட்டில் பாருங்கள்: விலாசம் மாறிய பிறகு பழைய வீட்டுக் கதவில் ஒட்டியிருக்கிறார்களா, ஊரில் இல்லாத மாதத்தில் 'வாங்க மறுத்தார்' என்று எழுதி வந்திருக்கிறதா? ஒருதலைப்பட்ச டிக்ரியை நீக்க ஆர்டர் 9 விதி 13 மனுவுக்கு டிக்ரி நாளிலிருந்து 30 நாள். சம்மன் சரியாகச் சார்வு ஆகவில்லை என்றால் தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். இங்கே தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். ஆனால் கோர்ட் சும்மா திறந்துவிடாது. பாதித் தொகையைக் கட்டு என்று நிபந்தனை வரும். அந்தப் பணத்துக்கு வழி உண்டா என்று மனுப் போடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மனுப் போட்டதாலேயே ஈ.பி. நின்றுவிடாது, தடை தனியாகக் கேட்க வேண்டும்.

11. கடன்காரர் இறந்துவிட்டால் பிள்ளைகளின் சட்டையைப் பிடிக்க முடியாது. 50-ஆவது பிரிவுப்படி இறந்தவரின் சொத்து எவ்வளவு அவர்கள் கைக்கு வந்ததோ அந்த அளவுக்குத்தான் பொறுப்பு. அப்பன் கடனைப் பிள்ளை அடைக்க வேண்டும் என்ற பழைய சாத்திரக் கடமையை இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் அதற்குப் பிந்தைய கடன்களுக்கு எடுத்துவிட்டது. ஐ.டி.யில் வேலை பார்க்கும் மகனின் சம்பளத்துக்கு ஜப்தி கேட்டு ஈ.பி. வந்தால் ஒரே வரியில் ஆட்சேபணை எழுதலாம். ஆனால் அப்பாவின் வீட்டில் மகன் குடியிருக்கிறார் என்றால் அந்த வீடு தப்பாது.

12. பேட்டா கட்ட வேண்டிய தேதியை டைரியில் சிவப்பு மையில் எழுதுங்கள்.

13. சொத்து ஏலத்துக்குப் போனால் ஒவ்வொரு படியிலும் காகிதம் சரியா என்று பாருங்கள். ஜப்தியைத் தண்டோரா போட்டோ ஊரில் வழக்கமான முறையிலோ அறிவிக்க வேண்டும். சொத்தில் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும், கோர்ட் பலகையில் ஒட்ட வேண்டும், கிராமத்து நிலம் என்றால் பஞ்சாயத்து அலுவலகத்திலும். அமீனாவின் அறிக்கையை நிதானமாகப் படித்தால் விஷயம் வெளியே வரும். தண்டோரா போட்டவரின் கைரேகை இருக்கிறதா? சாட்சிகள் அந்த ஊர்க்காரர்களா, அல்லது கோர்ட் வாசல் டீக்கடையில் எப்போதும் நிற்கும் இரண்டு பேரா? நேரம் எழுதியிருக்கிறதா? ஒரே நாளில் முப்பது கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊரில், ஒரே மணிக்கு ஜப்தி நடந்ததாக எழுதிய அறிக்கையும் கட்டில் இருக்கும்.

இரண்டு லட்சம் பாக்கிக்கு நாற்பது லட்சம் பெறும் நிலத்தை முழுதாக ஏலம் விடக் கூடாது. கடனுக்குப் போதுமான பகுதியைத்தான் விற்க வேண்டும் என்பது விதி 64. அதை ஏலத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். ஏலம் எடுத்தவர் அங்கேயே கால் பங்கு கட்ட வேண்டும், மீதியை 15 நாளில். ஒரு நாள் தப்பினாலும் ஏலம் போய்விடும். அந்த 15 நாளை நீட்டிக் கொடுக்கக் கோர்ட்டுக்கே அதிகாரம் இல்லை.

ஏலம் முடிந்த பிறகும் கடன்காரருக்கு ஒரு வாசல் உண்டு. 60 நாளுக்குள் ஏலத் தொகையில் 5 சதவீதத்தை எடுத்தவருக்காகவும், அறிவிப்பில் கண்ட பாக்கியைக் கடன் கொடுத்தவருக்காகவும் கட்டிவிட்டால் விதி 89-இன் கீழ் நிலம் திரும்பிவிடும். குறை எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் விதி 90-இல் மோசடி என்று ஒரு மனுவையும் வைத்துக்கொண்டு இதைக் கேட்க முடியாது; அதை வாபஸ் வாங்கிய பிறகுதான். இன்னும் நல்ல வழி ஏலத்துக்கு முன்னால் விதி 83: நானே நல்ல விலைக்கு விற்றுக் கட்டுகிறேன், அவகாசம் கொடுங்கள் என்று கேட்பது. கோர்ட் ஏலத்தில் நிலம் பாதி விலைக்குக்கூடப் போகாது என்பது ஊரறிந்தது. இதை இரண்டு தரப்புக்கும் சொல்லுங்கள். கடன் கொடுத்தவருக்கும் பணம் சீக்கிரம் வந்தால்தானே நல்லது.

14. சிங்கப்பூர், மலேசியா ஹைகோர்ட் டிக்ரியோடு வருகிறவர்கள் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்தில் உண்டு. அவை 44ஏ பிரிவுப்படி நேராக ஜில்லா கோர்ட்டில் நிறைவேற்றத் தக்கவை. கெடுவுக்கு நம் 12 வருடத்தை எடுக்காதீர்கள். அந்த நாட்டுச் சட்டத்தின் கெடுதான் என்று சுப்ரீம் கோர்ட் 2020-இல் சொல்லிவிட்டது.

15. லோக் அதாலத்துக்குக் கொண்டுபோகத் தயங்காதீர்கள். வட்டியை விட்டுக்கொடுத்து அசலை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் அங்கே நிறைய. அந்த அவார்டுக்கு அப்பீல் கிடையாது, டிக்ரிக்குச் சமம். பெண்களுக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, ஈ.பி.க்கும் அது பொருந்தும்.

16. வசூலில் இத்தனை சதவீதம் என்று பீஸ் பேசாதீர்கள். பார் கவுன்சில் விதி அனுமதிக்காது. நீங்கள் ஆஜராகும் ஈ.பி.யில் ஏலத்துக்கு வரும் சொத்தை உங்கள் பெயரிலோ மைத்துனர் பெயரிலோ எடுக்காதீர்கள். சந்தை விலையில் பாதிக்கு முச்சந்தி மனை போகும்போது கை அரிக்கும். அரிக்கட்டும்.

17. பணம் முழுதும் வந்துவிட்டது என்றால் வேலை முடிந்ததாக எண்ணிவிடாதீர்கள். முழுத் திருப்தி பதிவுசெய்து ஈ.பி. முடிந்த உத்தரவை வாங்குங்கள். ஜப்தி இருந்தால் அதை நீக்கிய உத்தரவு தனியாக வேண்டும். அது சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். கோர்ட்டிலிருந்து தானாகப் போகும் என்பார்கள். பல சமயம் போகாது. பதினைந்து வருடம் கழித்து மகள் கல்யாணத்துக்கு நிலத்தை விற்கப் போகும்போது வில்லங்கச் சான்றில் அந்த ஜப்தி ஒரு வரியாக நிற்கும். அதற்குள் கட்டு ரெக்கார்டு ரூமில் எங்கேயோ போயிருக்கும், கடன் கொடுத்தவர் இருக்க மாட்டார், வக்கீல் நீதிபதியாகவோ காலமாகியோ போயிருப்பார். சான்றிட்ட நகல் இரண்டு எடுங்கள். ஒன்றைக் கட்சிக்காரரிடம் கொடுங்கள், ஒன்றை உங்கள் அலுவலகத்தில் வையுங்கள். ஒரு மாதம் கழித்து உங்கள் செலவிலேயே ஒரு புது வில்லங்கச் சான்று போட்டு, நீக்கியது ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டை மூடுங்கள்.